பன்னிரண்டடித் தாரில் பிக்கப் வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை பிடித்துவிட்டால் நம் மியான்மரில் பெகு, தட்டோன் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஒரு காட்சி வழக்கமாகிவிடும். நான்கு கதவுப் பிக்கப் ஒன்று வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சேற்றில் இறங்கி, வயலை எட்டிப் பார்த்தபடி சாய்ந்து நிற்கும். சுற்றி நிற்பவர்கள், "இத்தனை பெரிய வண்டியை இந்த ரோட்டுக்கு ஏன் கொண்டு வரணும்?" என்பார்கள். வண்டி பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எதிரெதிர் வண்டிகள் மயிரிழையில் தப்புவதற்கும் இப்படி ஓரத்தில் இறங்குவதற்கும் அகலத்தை மட்டும் காரணம் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஓட்டுபவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், அதற்கு முன் எந்தப் பக்கம் உட்கார்ந்து பழகினார் என்பதையும் பார்க்க வேண்டும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

நம் நாடு 1970 டிசம்பர் 6ஆம் தேதி இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. சாலை மாறியது, வண்டி மாறவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் ஏறக்குறைய எல்லாம் வலப்பக்க ஸ்டியரிங். தாய்லாந்து ஓடும் பக்கமும் இடதுதான் என்பதால் அங்கே உள்ளூருக்குச் செய்த பிக்கப்புகளும் அப்படியே. அண்மை ஆண்டுகளில்தான் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகள் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. ஆகவே ஒரே சாலையில் இரண்டு வகையும் ஓடுகின்றன, ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் ஓட்டுகிறார். வசதிக்காக இவற்றை வலக்கை வண்டி, இடக்கை வண்டி என்று சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் அளவுகள். நம் பக்கம் பெரும்பாலோர் ஓட்டிப் பழகும் டொயோட்டா புரோபாக்ஸ் கார் 1,695 மில்லிமீட்டர் அகலம், 4,195 நீளம். அகல உடல் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 1,855. இப்போதைய ஃபோர்ட் ரேஞ்சர் கண்ணாடி சேர்க்காமல் 1,918, பக்கக் கண்ணாடிகளை விரித்தால் 2,208, நீளம் 5,370. விற்பவர் சொல்வது முதல் அகலம், எதிரே வருபவன் மேல் உரசுவது இரண்டாவது அகலம். கிராமச் சாலையின் தார் பல இடங்களில் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். இரண்டு ஹைலக்ஸ் எதிரெதிரே வந்தால் கண்ணாடிகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாலும் 3.71 மீட்டர் வேண்டும். தாரை விட்டு யாராவது இறங்காமல் முடியாது. 18 அடித் தாரில் (5.49 மீட்டர்) இரண்டு ரேஞ்சர்கள் கண்ணாடியோடு போக 1 மீட்டர் சொச்சம் மிச்சம். அதை இரண்டு ஓரத்துக்கும் நடுவுக்குமாக மூன்றாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு சாண் சொச்சம். போதும், ஆனால் இரண்டு பேரும் தங்கள் வண்டி எங்கே இருக்கிறது என்று அறிந்திருந்தால் மட்டும்.

இங்கேதான் இருக்கை வருகிறது. பிக்கப்பில் ஓட்டுநர் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் ஒதுங்கி உட்காருகிறார். ஹைலக்ஸ் அகலத்தில் கணக்குப் போட்டால் அவருக்கு அருகிலுள்ள பக்கம் 55 சென்டிமீட்டரில் முடிகிறது, தூரத்துப் பக்கம் 1 மீட்டர் 30ல். நாம் ஓட்டும்போது வண்டியின் அகலத்தை அளந்துகொண்டு ஓட்டுவதில்லை. தார் விளிம்பிலிருந்து நம் உடம்பு எவ்வளவு தூரம் என்பதைத்தான் கண் பழகி வைத்திருக்கிறது. பல வருடம் வலக்கை வண்டி ஓட்டியவர் விளிம்புக்கு ஒரு அடி விட்டுப் போகிறார் என்றால், அவர் உடம்பு விளிம்பிலிருந்து 85 சென்டிமீட்டரில் இருக்கும். அதே பழக்கத்தோடு இடக்கை வண்டியில் ஏறி, உடம்பை அதே 85ல் வைத்தால், வலப்பக்கம் இப்போது 1.30 தள்ளி இருக்கிறது. வண்டி தாருக்கு வெளியே ஒன்றரை அடி போய்விடும். சேற்றில் சாய்ந்து நிற்கும் புது வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். திருப்பிப் போட்டாலும் கணக்கு மாறாது: இடக்கை வண்டியில் பழகியவர் வலக்கை வண்டியை எடுத்தால் நடுக்கோட்டைத் தாண்டி அதே ஒன்றரை அடி எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு போவார், தான் ஒழுங்காகப் போவதாகவே நினைத்துக்கொண்டு. இரண்டாவது வகை சேற்றில் முடிவதில்லை, எதிர்வண்டியின் கண்ணாடியில் முடிகிறது.

இதைச் சரிசெய்யக் காசு செலவில்லை. ஒரு கயிறு, ஒரு அளவு டேப், கொஞ்சம் ஒட்டும் டேப், கூட ஒரு ஆள், அரை மணி நேரம். சமதளத்தில் கயிற்றை நேராகக் கிடத்துங்கள். வண்டியின் வலப்பக்கம் கயிற்றிலிருந்து சரியாக 30 சென்டிமீட்டர் தள்ளி, முன்னும் பின்னும் ஒரே அளவாக இருக்கும்படி நிறுத்துங்கள். எப்போதும் உட்காரும் மாதிரி உட்கார்ந்து, கயிறு பானெட்டிலோ முன்கண்ணாடியின் அடிவிளிம்பிலோ எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். அங்கே விரல் நகம் அகலத்துக்கு டேப் ஒட்டுங்கள். இடப்பக்கத்துக்கும் அப்படியே. பிறகு இறங்கி, வண்டியை எடுத்துப் போய், அடையாளத்தை மட்டும் பார்த்து மறுபடி கயிற்றோரம் கொண்டு வந்து நிறுத்தி அளந்து பாருங்கள். மூன்று தடவை 5 சென்டிமீட்டருக்குள் வந்தால் அந்த அடையாளத்தை நம்பலாம். இருக்கையை உயர்த்தினால், சாய்த்தால், வேறு ஆள் ஓட்டினால் அடையாளம் செல்லாது. ஒரே வண்டியை அண்ணன் தம்பி மாறி மாறி ஓட்டும் வீடுகளில் இரண்டு நிற டேப் வேண்டும்.

தூரத்துப் பக்கத்துக்கு இன்னொரு பயிற்சி. இரண்டு மூங்கில் குச்சிகளை 2 மீட்டர் 60 இடைவெளியில் நட்டு, நடக்கும் வேகத்தில் நடுவே போங்கள். பத்துத் தடவை போன பிறகு இடைவெளியைப் பத்துப் பத்து சென்டிமீட்டராகக் குறையுங்கள். குச்சியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் குச்சியை இடிப்பீர்கள். போக வேண்டிய வெற்றிடத்தைப் பார்த்து ஓட்டினால் வண்டி அங்கே போகும். எதிரே லாரி வரும்போதும் அப்படித்தான். கண் லாரியின் விளக்கில் ஒட்டிக்கொண்டால் கையும் அந்தப் பக்கமே இழுக்கும்.

இனி 12 அடித் தாரில் எதிரெதிரே சந்திப்பது. "சின்ன வண்டி ஒதுங்கட்டும்", "லோடு இல்லாத வண்டி ஒதுங்கட்டும்" என்ற வழக்கம் பொதுவாக நியாயம்தான். அதோடு ஒரு விதியைச் சேர்க்கச் சொல்வேன்: ஒன்று வலக்கை, ஒன்று இடக்கை என்றால் வலக்கை வண்டியே ஓரம் இறங்கட்டும். அதன் ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினால் வலப்பக்க முன்சக்கரம் மண்ணில் எங்கே நிற்கிறது என்று நேராகப் பார்க்கலாம். இடக்கை வண்டிக்காரருக்கு ஓரம் தெரியாது, ஆனால் இரண்டு வண்டிக்கும் நடுவிலுள்ள சந்து அவர் மூக்குக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அவர் தாரிலேயே நின்று, நகர்ந்து கடப்பவராக இருக்கட்டும். இரண்டும் வலக்கை என்றால் இருவருக்கும் ஓரம் தெரியும், சந்து யாருக்கும் தெரியாது. அப்போது ஒருவர் முழுக்க நின்றுவிட வேண்டும், இருவரும் இடப்பக்கக் கண்ணாடியை மடக்க வேண்டும் (ரேஞ்சரில் ஒரு கண்ணாடிக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கிடைக்கும்), மற்றவர் நடக்கும் வேகத்தில் போக வேண்டும். இரண்டும் இடக்கை என்றால் சந்து அழகாகத் தெரியும், ஓரம் இருவருக்குமே குருட்டுப் பக்கம். மழைக்காலத்தில் இதுதான் மோசமான ஜோடி. வண்டியில் வேறு ஆள் இருந்தால் இறங்கிப் போய் ஓரத்து மண்ணைக் காலால் மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் அழுந்தினால் அங்கே சக்கரம் இறக்க வேண்டாம், பின்னால் போய்க் கெட்டி இடம் தேடுங்கள். ஓரத்தில் பசும்புல் செழிப்பாக இருப்பதைக் கெட்டி நிலம் என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் புல் செழிக்கும்.

விளக்கை அடித்துக் காட்டுவதை நம்பி எதையும் செய்ய வேண்டாம். ஒருவர் "நீ வா" என்று அடிப்பார், மற்றவர் "நான் வருகிறேன்" என்று அடிப்பார். வெளிச்சம் ஒன்றுதான். வண்டி நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு நகருங்கள்.

தாருக்கும் மண்ணுக்கும் இடையே மழை அரித்த பள்ளம் 3, 4 அங்குலம் இருக்கும் இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். உயிரையே பறிக்கக்கூடியது அது. வலப்பக்கச் சக்கரம் தெரியாமல் இறங்கிவிடுகிறது. ஓட்டுநர் பதறி ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கிறார். டயரின் பக்கச்சுவர் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வரும், ஏறாது. இன்னும் ஒடிக்கிறார். ஒரு கணத்தில் டயர் ஏறிவிடும், அப்போது சக்கரம் வேண்டியதைவிடப் பல மடங்கு திரும்பியிருக்கும், வண்டி நேராக எதிர்ப்பக்கம் பாயும். பிரேக்கை அழுத்தினாலும் இதே கதிதான். இடச்சக்கரம் தாரில் பிடிக்கும், வலச்சக்கரம் சேற்றில் வழுக்கும், வண்டி பிடிக்கும் பக்கமாக, அதாவது எதிரே வருபவர் பக்கமாக இழுக்கும். செய்ய வேண்டியது: ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, சக்கரம் கீழேயே ஓடட்டும் என்று விடுவது. 30 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் வந்த பிறகு, பள்ளத்தின் ஆழம் குறைந்த இடம் பார்த்துச் சற்றே வலப்பக்கம் விலகி, கொஞ்சம் கோணம் எடுத்து ஏறுவது. எதிரே வண்டி தெரிந்தால் ஏறவே வேண்டாம். வயலில் இறங்கிய வண்டியை டிராக்டர் கட்டி இழுத்துவிடலாம்.

லோடு இல்லாத பிக்கப்பில் பின்பக்கம் இலேசாக இருப்பதால் இந்த வழுக்கல் இன்னும் கூடும். பழைய ஹைலக்ஸில் பின் அச்சோடு ஒரு கம்பி இணைத்து, வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. அதிக லோடுக்கென்று நம்மவர்கள் பின் ஸ்பிரிங்கில் பட்டை சேர்க்கிறார்கள். சேர்த்த பிறகு லோடு ஏற்றினாலும் வண்டி அமுங்காது. வால்வு காலி வண்டி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும். பட்டை சேர்த்தவர்கள் அந்தக் கம்பியின் நீளத்தையும் சரிசெய்யச் சொல்லிப் பட்டறையில் கேட்க வேண்டும். ஸ்டியரிங் வட்டத்தின் விளிம்பில் ஆட்டம் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒரு சாண் சந்தில் போவதைப் பற்றிப் பேசுவதே வீண்.

முந்துவதில் வலக்கை வண்டி நம் சாலைக்குச் சற்றும் ஒத்துவராதது. முன்னால் போகும் பஸ்ஸின் இடப்பக்கத்தைத் தாண்டி எதிரே பார்க்க ஓட்டுநரின் கண் வெளியே வர வேண்டும். கண் வெளியே வரும்போது அவருக்கு முன்னரே வண்டி 1 மீட்டர் 30 எதிர்ப்பக்கத்தில் நீட்டிவிட்டது. இடக்கை வண்டியில் இது 55 சென்டிமீட்டர்தான். அதனால்தான் வலக்கை வண்டிகள் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எட்டிப் பார்ப்பதை விடுங்கள். 25, 30 மீட்டர் பின்வாங்கி ஓட்டினால் பஸ் மறைக்கும் அளவு சுருங்கும். சாலை வலப்பக்கம் வளையும் இடங்களில், பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் இடையே முன்னால் உள்ள நீளம் தெரியும். முந்தும்போது வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதில் கிடைக்கும் ஒரே நன்மை அது, அதைப் பயன்படுத்துங்கள். 20 கிலோமீட்டரில் ஊரும் தொலாஜி (டிரெய்லர் இழுக்கும் சிறு டிராக்டர் வண்டி) ஒன்றை 60ல் கடக்கவே 4 வினாடி ஆகும். அதற்குள் நீங்கள் 60 மீட்டருக்கு மேல், எதிரே 60ல் வருபவரும் அதே அளவு. அதன் வாலில் ஊர்ந்துகொண்டிருந்து வேகம் எடுக்க வேண்டுமென்றால் இதைப்போல் இரண்டு மடங்கு. 250 மீட்டர் சுத்தமாகத் தெரியாத இடத்தில் முந்தக் கூடாது என்பது என் கணக்கு. அதிகம் என்று சொல்பவர்கள் ஒரு நாள் அடியெண்ணிப் பார்க்கட்டும்.

வலக்கை வண்டியின் இடப்பக்க இருக்கையில் ஸ்பேயர் (ஓட்டுநரின் உதவியாள்) உட்கார்ந்தால் அவர் கண்ணைக் கடன் வாங்கலாம். ஆனால் பேசும் சொல்லை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். "வண்டி இல்லை" என்று சொல்லக் கூடாது. எஞ்சின் சத்தத்திலும் காற்றிலும் "வண்டி" வரைக்கும்தான் காதில் விழும், சில நேரம் "இல்லை" மட்டும். "போ", "நில்" இரண்டே சொற்கள் போதும். வாய் திறக்காவிட்டால் "நில்" என்று பொருள். ஸ்பேயர் தூங்கிவிட்டால் அவரும் "நில்" சொல்வதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரவுக்கு வருகிறேன். ஜப்பானுக்குச் செய்த முன்விளக்கில் டிம் வெளிச்சம் இடப்பக்கம் மேலேறும். அங்கே இடதுதான் ஓரம், ஓரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்காக அப்படி. நம் சாலையில் இடது என்பது எதிரே வருபவர். ஆகவே டிம் போட்டிருந்தாலும் அவர் கண்ணில் குத்துகிறது, நமக்கு வேண்டிய வலது ஓரமோ இருட்டாகக் கிடக்கிறது. மாலையில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள், கோடு இடப்பக்கம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஓர் அட்டைத் துண்டை விளக்குக்கு முன்னால் மெல்ல நகர்த்தினால் எந்த இடத்தை மறைக்கும்போது அந்த ஏற்றம் மறைகிறது என்று பிடிபடும். அந்த அளவுக்குக் கறுப்பு வினைல் வெட்டி ஒட்டலாம். எதிரே வருபவருக்கு அது போதும். வலது ஓரம் தெரிய வேண்டுமென்றால் வலப்பக்கப் போக்குவரத்துக்கென்று செய்த விளக்கையே மாற்ற வேண்டும். பின்னால் லோடு ஏறினால் மூக்கு நிமிர்ந்து வெளிச்சமும் நிமிரும். ஸ்டியரிங் அருகே 0 தொடங்கி எண் போட்ட சிறு சக்கரம் இருந்தால் லோடுக்கு ஏற்ப எண்ணைக் கூட்டுங்கள். 10 மீட்டர் தூரத்துச் சுவரில் வெளிச்சக் கோடு விளக்கின் உயரத்தைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பழைய ஹாலஜன் விளக்குக்குள் எல்.இ.டி பல்பைச் செருகுபவர்கள் எதிரே வருபவருக்குச் செய்வது பாவம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

திருப்பங்களில் அகலத்தைவிட நீளம்தான் வம்பு. முன் சக்கரம் 6 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது புரோபாக்ஸின் பின் சக்கரம் உள்ளே 57 சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டு வரும். ரேஞ்சர் 97. வீட்டு வாசல் மூலைக்கல்லும் மதகின் ஓரமும் உடைவது இதனால்தான். மூக்கு மூலையைத் தாண்டியவுடன் திருப்பாமல், உங்கள் தோள் மூலைக்கு நேராக வந்த பிறகு திருப்புங்கள். இரும்புச் சட்டங்களைப் பூட்டிச் செய்த பெய்லி பாலங்களில் சாதாரண வகையின் ஓடுபாதை 10 அடி 9 அங்குலம். ரேஞ்சர் கண்ணாடியோடு போனால் இரண்டு பக்கமும் ஒன்றே முக்கால் அடி இருக்கும், தாராளம். அங்கே பயம் அகலத்தில் இல்லை, எதிர்முனையில் ஒருவர் ஏறிவிட்டாரா என்று பார்க்காமல் ஏறுவதில்தான்.

லைன் கார் (ஆள் ஏற்றும் பிக்கப்) ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்படியில் தொங்குபவரின் முழங்கையும் மூட்டையும் வண்டியின் அகலத்தில் சேர்த்திதான். கண்ணாடியில் அவர்கள் தெரியாவிட்டால் அவர்கள் இருக்கும் பக்கம் இன்னும் ஒரு அடி விடுங்கள்.

கடைசியாக, ஓட்டுநர் கையில் இல்லாத இரண்டு காரியம். அறுவடை முடிந்ததும் நெல்லைத் தாரில் காயப்போடுகிறோம். அதைக் குறை சொல்லப் போவதில்லை, வேறு களம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் இரண்டு ஓரமும் காயப்போட்டு, காவலுக்குக் கல்லும் வைத்தால் 12 அடி 6 அடியாகிவிடுகிறது. ஊருக்குள் பேசி ஒரே ஓரமாகப் போடலாம், கல்லுக்குப் பதிலாக வைக்கோல் பிரி வைக்கலாம். கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். காவடி வரும் நாளில் பிக்கப்புகளை இரு பக்கமும் பாதி தாரில் ஏற்றி நிறுத்துகிறார்கள், நடுவில் ஆம்புலன்ஸ் வந்தால் போக இடமில்லை. கோயில் கமிட்டிகள் அரை மைலுக்கு முன்பே ஆள் நிறுத்தி, எல்லா வண்டியும் ஒரே பக்கம், மூக்கு வெளியேறும் திசையில் என்று சொல்லிவிட்டால் போதும். மழை வருவதற்குள் ஓரம் சரிந்த இடங்களில் இடுப்பளவு மூங்கில் நட்டு, மேல் ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தால், இடக்கை வண்டிக்காரருக்கும் அந்தக் குருட்டுப் பக்கம் தெரியும். ஐம்பது மூங்கில், ஒரு வாளிச் சுண்ணாம்பு, இளைஞர்கள் நாலு பேர்.

இப்படிக்கு,
பிக்கப் ஓட்டுநர் ஒருவர்,
பெகு